கரன்ட் பில்லில் தொடங்கும் வகுப்பு

அத்தியாயம் 5: பாடத்தை வீட்டோடு சேர்க்கும் விருப்ப வகுப்புகள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை முடித்து, கிலோவாட் மணிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் அவள் வீட்டுக் கரன்ட் பில்லைக் கொடுத்துப் பாருங்கள். பில்லில் உள்ள யூனிட்டும் தான் படித்த கிலோவாட் மணியும் ஒன்றே என்று உடனே சொல்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அவளுக்குப் பாடம் தெரியும். பில் வீட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரிடம் மூன்று ஆய்வாளர்கள் கணக்குக் கேட்டு, அதை 1985-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்டபோது 98 சதவீத விடைகள் சரியாக இருந்தன. அதே எண்களை வெறும் கூட்டல் பெருக்கலாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதமே சரி. 2025-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் நடத்திய பெரிய ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் மனக்கணக்கில் கெட்டி, பள்ளிக் கணக்கில் தடுமாறுகிறார்கள். அது எதிர்பார்த்ததே. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியது பலர் எதிர்பாராதது. ஓரிடத்தில் கற்றது மறு இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை என்பதே இரண்டு ஆய்வுகளும் காட்டுவது. யாராவது பில்லையும் பாடநூலையும் ஒரே மேசையில் வைத்து, பிள்ளைகளோடு உட்கார வேண்டும். இந்த அத்தியாயம் அந்த மேசையைப் போடுவது பற்றியது.

ஏன் விருப்ப வகுப்பு?

பாடவேளைக்குள்ளேயே இதைச் செய்யக் கூடாதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம். எட்டாம் வகுப்புக் கணக்கில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றே ஓர் இயல் இருக்கிறது. ஆனால் பாடவேளையில் ஒரு கேள்விக்கு எட்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். மீட்டர் முன்னால் நின்று விளக்கு துடிப்பதை எண்ண அது போதாது. தேர்வில் வருமா என்ற கேள்வியும் கூடவே நிற்கும்.

விருப்ப வகுப்புக்கு நான் பரிந்துரைக்கும் அளவு இது: ஆறு சந்திப்புகள், வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். பதினைந்து முதல் இருபது பேர். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எடுங்கள். பத்து, பன்னிரண்டில் சிறப்பு வகுப்புகளோடு மோதி நேரத்தையும் தலைமையாசிரியரின் பொறுமையையும் இழக்க வேண்டாம். ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடலாம்.

மதிப்பெண் கிடையாது, சான்றிதழும் வேண்டாம் என்பேன். சான்றிதழ் என்று சொன்ன அன்றே அதற்காக மட்டும் வருபவர்கள் வந்துவிடுவார்கள். இரண்டு வாரம் வந்துவிட்டு நின்ற பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்கலாம், குற்றவாளியாக்கக் கூடாது. மாலை வகுப்பு வைப்பதற்கு முன் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். பல ஊர்களில் நல்ல வகுப்புகள் நின்றுபோவது பஸ்ஸால்தான், ஆர்வக் குறைவால் அல்ல. பஸ் இடிக்குமென்றால் சனிக்கிழமை முற்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பாக எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரன்ட் பில்லை எடுங்கள். கருவி வீட்டிலேயே இருக்கிறது, செலவு இல்லை, அளந்ததை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியமே சரிபார்த்துத் தருகிறது.

மீட்டர் விளக்கின் துடிப்பு

முதல் சந்திப்புக்கு மீட்டர் பக்கத்தில் வைத்திருக்கும் வெள்ளை அட்டையின் நகலையோ, போனுக்கு வந்த குறுஞ்செய்தியையோ கொண்டுவரச் சொல்லுங்கள். மின் இணைப்பு எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு வர வேண்டும். கொண்டுவர முடியாதவர்களுக்காக நீங்களே ஏழெட்டு நகல் வைத்திருங்கள். யார் கொண்டுவரவில்லை என்பது யார் கண்ணிலும் படாதிருக்கட்டும். அன்றைக்கு ஒரே கேள்வி: இந்தத் தாளில் உங்களுக்குப் புரியாதது எது? எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். எதற்கும் அன்று பதில் சொல்லாதீர்கள்.

இரண்டாவது சந்திப்பு பள்ளியின் மீட்டர் முன்னால். பல மின்னணு மீட்டர்களின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை துடிக்கும் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றோ 1600 என்றோ இருக்கலாம். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 10 துடிப்பு என்றால் மணிக்கு 600. அதை 3200-ஆல் வகுத்தால் 0.1875 கிலோவாட், அதாவது 187.5 வாட். இந்த நொடியில் அந்தக் கட்டடம் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு. பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். ஒரு 1000 வாட் அயர்ன் பாக்ஸைச் செருகுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 துடிப்பு கூடும். சற்று நேரத்தில் விளக்கு மறுபடி மெதுவாகத் துடிக்கத் தொடங்கும். ஏன் என்று கேளுங்கள். பெட்டி சூடேறியதும் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை வளைந்து இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். வெப்ப விரிவு என்ற பாடம் அங்கே, ஒரு சிவப்பு விளக்கின் வேகம் குறைந்ததில், கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு கண்டிப்பு: பார்ப்பதும் எண்ணுவதும் மட்டுமே. மீட்டர் பெட்டியைத் திறக்கவோ தொடவோ கூடாது; ஈரக் கையோடு அருகில் போகக் கூடாது. இதை முதல் நாளே எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.

வீட்டுக்கு ஒரு வேலை: எந்தச் சாதனம், எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற பட்டியல். மூன்றாவது சந்திப்பில் பட்டியல் வந்ததும் ஒரு விஷயம் தெரியவரும். மிக்ஸி ஓடினால் கரன்ட் எகிறும் என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை இல்லை. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடுவதும் 75 வாட் ஃபேன் ஐம்பது நிமிடம் சுற்றுவதும் ஒரே செலவு. சத்தம் போடுவது நிறைய இழுக்கிறது என்ற எண்ணம் இங்கே உடையும். வாட்டுக்கும் வாட் மணிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் புரியவைத்ததில்லை. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் வாட்டை மணியால் பெருக்கினால் விடை தப்பும். அதன் கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவது. நட்சத்திரக் குறியீட்டுத் தாளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருப்பதை ஆறால் வகுக்கச் சொல்லுங்கள். பட்டியலின் கூட்டுத்தொகை பில்லோடு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத அந்த இடைவெளியை அவசரப்பட்டு மூடாதீர்கள். எதை மறந்தோம், எதன் நேரத்தைக் குறைத்துச் சொன்னோம் என்று தேடுவதுதான் அறிவியல் வேலை.

501-ஆவது யூனிட்

வகுப்பின் உயிர் நான்காவது சந்திப்பில் இருக்கிறது. கட்டண அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுங்கள். நான் இங்கே தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு உபயோக வீதங்களை எடுத்துக்கொள்கிறேன், எண்கள் எளிது என்பதால். அதற்குப் பிறகு வீதங்கள் உயர்ந்திருக்கின்றன. உங்கள் வகுப்பில் அன்றைய வீதத்தைப் பயன்படுத்துங்கள். அந்த அட்டவணைப்படி இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் வேறு அட்டவணை: முதல் 100 இலவசம் அப்படியே இருக்கும், ஆனால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, 401 முதல் 500 வரை 6, 501 முதல் 600 வரை 8, 601 முதல் 800 வரை 9 ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும்.

500 யூனிட்டுக்கு எவ்வளவு? 225 + 900 + 600 = 1725 ரூபாய். 501-க்கு? 1350 + 600 + 8 = 1958 ரூபாய். விடை வந்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாது. பிறகு ஒரு குரல் வரும்.

“டீச்சர், அப்போ அந்த ஒரு யூனிட்டு மட்டும் 233 ரூபாயா?”

“நீயே இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா. மத்தவங்களும் போடுங்க.”

போடட்டும். பிறகு வரைபடத் தாளில் யூனிட்டைக் கிடைமட்டமாகவும் தொகையைச் செங்குத்தாகவும் வைத்து வரையச் சொல்லுங்கள். 100, 200, 400 என்ற இடங்களில் கோடு திசை மாறும். 500-இல் அறுந்து மேலே குதிக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தொடர்ச்சித்தன்மையைப் படித்தவர்கள் அல்லது படிக்கப்போகிறவர்கள். தொடர்ச்சியற்ற சார்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிருந்து ஃபேன் கணக்குக்குப் போங்கள். ஒரு வீட்டில் மூன்று ஃபேன், நாளுக்கு 12 மணி நேரம், 60 நாள். சாதாரண 75 வாட் ஃபேன் என்றால் 162 யூனிட். புதிதாக வரும் பிஎல்டிசி வகை, ஏறத்தாழ 30 வாட் என்று கொண்டால், 65 யூனிட். மிச்சம் 97. கூரை ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம் என்பதால் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பிள்ளைகள் கடைக்குப் போய் விலை கேட்டு வரட்டும். 520 யூனிட் ஓடும் வீட்டுக்கு முன்பு 2110 ரூபாய், மாற்றிய பின் 423 யூனிட்டுக்கு 1263 ரூபாய். இரண்டு மாதத்தில் 847 ரூபாய் மிச்சம். 180 யூனிட் ஓடும் வீட்டில் அதே மூன்று ஃபேனை மாற்றினால் மிச்சம் 180 ரூபாய்தான். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குச் சல்லிக்காசு மிச்சமாகாது. போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது ஃபேனை மட்டும் பொறுத்ததல்ல, அது எந்த வீட்டில் சுற்றுகிறது என்பதையும் பொறுத்தது. விளம்பரத்தில் ஒரே எண்ணைச் சொல்லி எல்லோருக்கும் விற்கிறவர்களைப் பிள்ளைகள் இனி வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

வாடகை வீட்டுக் கணக்கு

எந்த வகுப்பிலும் சில பிள்ளைகள் அட்டையே கொண்டுவர மாட்டார்கள். வாடகை வீடு, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்கிக்கொள்வார். இதை நீங்கள் எழுப்பாவிட்டாலும் பிள்ளைகள் எழுப்புவார்கள். தட்டிக்கழிக்காமல் கணக்காகவே எடுங்கள், ஆனால் யாருடைய வீட்டையும் சுட்டாமல்.

ஒரு வளாகத்தில் நான்கு குடித்தனம், ஒவ்வொன்றும் 180 யூனிட். ஆளுக்கொரு தனி இணைப்பு இருந்தால் ஒரு வீட்டுக்கு 180 ரூபாய், நான்குக்கும் சேர்த்து 720. நான்கு குடித்தனமும் ஒரே மீட்டரில் என்றால் 720 யூனிட்; 1350 + 600 + 800 + 1080 = 3830 ரூபாய், யூனிட்டுக்குச் சராசரி 5.32. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வசூலித்தால் 5760. இந்த மூன்று எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேச விடுங்கள். வீட்டுக்காரர் வாங்குவதில் ஒரு பகுதி அவர் உண்மையிலேயே கட்டுவது. ஒரு பகுதி அதற்கு மேல். பெரிய இழப்பு தனி இணைப்பு இல்லாததில் இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்த சலுகையும் கீழ்ப்படிகளின் குறைந்த வீதமும் யாருக்காக வகுக்கப்பட்டனவோ, அவர்களில் பலரை எட்டுவதில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் அன்று உடன் இருந்தால் நல்லது. மானியம் என்பது என்ன, அதை யார் கட்டுகிறார்கள், ஏன் இந்த இடத்தில் கசிகிறது என்பதைச் சொல்ல அவரால்தான் முடியும்.

பிள்ளை இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது. குடும்பத்துக்கு வீடு வேண்டும். “கணக்கு தெரிஞ்சு வச்சுக்கோ, பேசறதை அப்பா அம்மா முடிவு பண்ணட்டும்” என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். உண்மை தெரிந்துகொள்வதற்கும் அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்கும் நடுவே பெரியவர்கள் இருப்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

கட்டணத்தை மாதாமாதம் எடுத்தால் குறையுமா என்ற கேள்வியும் நிச்சயம் வரும். பதில் சொல்லாதீர்கள். அட்டவணையின் படிகளை அப்படியே வைத்து மாதம் எடுப்பதா, பாதியாக வெட்டி எடுப்பதா என்பதைப் பொறுத்து விடை மாறும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு குழுவாகப் பிரித்து விடுங்கள்.

பாடநூலுக்குத் திரும்புங்கள்

ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசிக் கால்மணி நேரம் பாடநூலைத் திறக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். வாழ்க்கைக் கணக்கு சுவாரசியமாக ஓடும்போது பாடநூல் சலிப்பாகத் தெரிகிறது. ஆனால் கொல்கத்தா ஆய்வு சொன்னதை மறக்காதீர்கள். சந்தையில் கெட்டிக்காரப் பிள்ளை பள்ளித் தாளில் தோற்கிறது. அன்று செய்த கணக்கின் பாடநூல் வடிவத்தைத் தேடி எடுத்து, அதே பிள்ளைகளைக் கொண்டே போட வையுங்கள். மின்திறன் வாய்ப்பாட்டில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் அன்று தொட்டறிந்த பொருள் ஒன்று இருக்கும்.

பிள்ளைகள் கற்றார்களா என்று எப்படித் தெரியும்? 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் பதினாறு கிராமப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 2002-ல் அரசு நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் தேர்வுக்குப் புத்தகத்தோடும் குறிப்பேட்டோடும் போனார்கள். மனப்பாடத்தைச் சோதிக்காமல், இதுவரை பாராத ஒன்றைக் கொடுத்துச் சோதித்தார்கள். நீங்களும் ஆறாவது வாரம் ஒரு கடையின் பில்லைக் கொடுங்கள். வணிக இணைப்புக்கு அட்டவணை வேறு. புதிய தாளைத் தாங்களே படித்துப் புரிந்துகொண்டால் போதும். அந்த வாரமே வீட்டில் ஒருவருக்கு, பாட்டியோ அண்ணனோ, பில்லை விளக்கிவிட்டு, அவர் கேட்ட கேள்வியை எழுதி வரச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகள் அடுத்த வகுப்புக்கான பாடத்திட்டம்.

தண்டல் கணக்கு

இரண்டாவது வகுப்பாக வட்டியை எடுக்கலாம். தனிவட்டியும் கூட்டுவட்டியும் பாடத்தில் உண்டு. ஊரில் இருப்பதோ ‘மூணு வட்டி’, தண்டல், நகைக்கடன், தவணையில் பைக். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். இதைச் சொன்னதுமே பலர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தண்டல் இன்னும் நுணுக்கமானது. பத்தாயிரம் கடன் என்று எழுதி, கையில் 8500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். பதினைந்து சதவீத வட்டி என்று சொல்வார்கள். பிள்ளைகளை யோசிக்க விடுங்கள்: நூறு நாளும் கடன்காரர் கையில் 8500 இருந்ததா? இல்லை. நாளுக்கு நாள் குறைந்தது; சராசரியாக அதில் பாதி, 4250 அளவுதான் இருந்தது. 4250-க்கு 100 நாளில் 1500 வட்டி என்றால் 35 சதவீதம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 129. கணினி அறையில் விரிதாளில் நாள்வாரியாகப் போட்டுச் சரிபார்த்தால் ஏறத்தாழ 120 சதவீதம் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை சராசரியை வைத்துச் செய்த தோராயம் எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுங்கள். தோராயமாகக் கணக்கிடத் தெரிவது கைப்பழக்கமாக வேண்டிய திறமை.

தவணைக் கடனிலும் இதே நுட்பம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு ‘ஃப்ளாட்’ 12 சதவீதம், 12 மாதம் என்றால் மாதம் 9333 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி பார்த்தால் அது 21.5 சதவீதம். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கு உண்மையான ஆண்டு வீதத்தை ஒரு தகவல் தாளில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

இந்த வகுப்பில் வீட்டுக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. எல்லாக் கணக்கும் நீங்கள் தயாரித்த மாதிரிச் சீட்டில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தானாகவே வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினால் நயமாக நிறுத்தி, வகுப்பு முடிந்ததும் தனியே கேளுங்கள்.

வேறு எதெல்லாம்

பிஸ்கட் உறையும் மாத்திரை அட்டையும் வேதியியலுக்கு. உறையில் உள்ள சேர்மானப் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் இருக்கும். இரண்டாவது இடத்தில் சர்க்கரை இருந்தால் என்ன பொருள் என்று கேட்டாலே வகுப்பு ஓடும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று போதும், ஒரு முழுச் சந்திப்பை நிரப்ப. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். வயிற்றுப்போக்குக்கு எதற்குச் சர்க்கரை என்று பிள்ளைகள் கேட்பார்கள். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகிறது என்ற உயிரியல் அங்கே வந்து சேரும். பொட்டலத்தை அரை டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் ஏன் ஆபத்து என்பதும் சவ்வூடுபரவல் படித்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

அக்டோபரில் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நேரான சுவருள்ள பாட்டிலும் ஓர் அளவுகோலும் போதும். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளப்பதால் நீங்களும் அந்த நேரத்துக்கே அளந்து, செய்தியில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 1000 சதுர அடி மொட்டை மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1400 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் சென்னையில், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். உங்கள் பள்ளியின் தொட்டி இன்று வேலை செய்கிறதா என்று பிள்ளைகளையே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மண் அடைத்துக் கிடந்தால் தூர்வாருவது அந்த வகுப்பின் செயல்பாடு.

வெளியிலிருந்து யாரை அழைப்பது

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமுறை ஊர்க்காரர் ஒருவர் வரட்டும். மின்சாரத்துக்கு எலக்ட்ரீஷியன், வட்டிக்கு மகளிர் குழுவின் கணக்கு எழுதுபவர், வடிவியலை எடுத்தால் தையல்காரர். மேடையும் பொன்னாடையும் வேண்டாம், உரையாற்றச் சொல்லவும் வேண்டாம். தன் கருவியோடு வந்து, அன்றாடம் செய்யும் வேலை ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் செய்துகாட்டினால் போதும். எலக்ட்ரீஷியன் டெஸ்டரையும் மல்டிமீட்டரையும் கொண்டுவந்து, ‘எர்த்’ ஏன் வேண்டும் என்று காட்டும்போது, எங்களுக்குக் கிடைக்காத கவனம் அவருக்குக் கிடைக்கும். அவருடைய பிள்ளையும் அந்த வகுப்பில் இருந்தால் இன்னும் நல்லது. படிப்பு இல்லாதவர் என்று தன்னையே குறைத்துச் சொல்லிக்கொள்ளும் ஒரு தகப்பனை, பள்ளி ஆசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும்.

அவருக்கு அன்றைய கூலி போகிறது என்பதை மறக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் பேசி ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். முடியாவிட்டால் வேலை இல்லாத நாளாகப் பார்த்து அழையுங்கள்.

பிள்ளைகளின் அளவீடுகளை ஒரு தனி நோட்டில், பெயர் இல்லாமல், வீடு ஒன்று, வீடு இரண்டு என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வருபவர்கள் அதே மாதங்களுக்கான தங்கள் எண்களை அதே நோட்டில் பக்கத்து நிரலில் எழுதட்டும். மூன்று ஆண்டு சேர்ந்தால் கோடையில் ஊரின் பயன்பாடு எப்படி ஏறுகிறது, ஏசி வந்த வீட்டில் எந்தப் படியைத் தாண்டினார்கள் என்பதெல்லாம் புள்ளியியல் பாடத்துக்குச் சொந்தத் தரவாகக் கிடைக்கும். நோட்டை ஆய்வக அலமாரியில் வையுங்கள், சாவி ஒரு மாணவரிடம் இருக்கட்டும்.